நிலையும் நடையும்: சீனத்துப் போர்க்கலையின் காலடிப் பயிற்சி குறித்து

சீன தேசத்தின் ஹெனான் மாகாணத்தில், சோங் மலையின் மடியில் அமைந்த ஷாவோலின் மடாலயத்தின் பின்கட்டில், மிங் வமிசத்தார் ஆட்சிக் காலத்தில் எழுந்த ஆயிரம் புத்தர் மண்டபம் என்றொரு கட்டடம் உண்டு. அதன் சுவரோவியங்களைக் காண வரும் யாத்திரிகர்கள் சிறிது நேரத்திலேயே தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஏனெனில் செங்கல் பாவிய அத்தரையில் 48 பள்ளங்கள், வரிசை பிறழாமல், குழிந்து கிடக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அவ்விடத்தில் அப்பியாசம் செய்த துறவிகள் பாதத்தை ஊன்றியும் மிதித்தும் உண்டாக்கிய குழிகள் இவை என்பது மடத்தாரின் வாக்கு. அவ்வாக்கில் சிறிது மிகை கலந்திருப்பினும், உலகெங்கும் கைவீச்சுக்கும் முஷ்டிக்கும் பெயர்பெற்ற ஒரு கலை தன் பழமைக்குச் சாட்சியாகக் காட்டுவது கால் பட்ட தரையையே என்பது சிந்திக்கத்தக்கது.

தமிழ்நாட்டில் சீனப் போர்க்கலை என்றவுடன் பலருக்கும் மனத்தில் எழுவது திரைப்படம் வழங்கிய சித்திரம். 1973-இல் வெளிவந்த புரூஸ் லீயின் படமும், அதனைத் தொடர்ந்து வந்த எண்ணற்ற படங்களும், கூரைக்குக் கூரை தாவுகின்ற வீரனையும், கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் சுழலும் கைகளையும் நமக்குப் பழக்கிவிட்டன. பழைய முறையில் கற்பிக்கும் சீன ஆசிரியரிடம் மாணவனாகச் சேர்ந்தவனோ இவற்றுள் எதனையும் நெடுநாள் காண்பதில்லை. அவனை நிற்கச் சொல்லுகிறார்கள். நின்றபின், மேலும் நிற்கச் சொல்லுகிறார்கள்.

‘மா பூ’ எனப்படும் குதிரை நிலையே இவ்வகை நிலைகளுள் பிரசித்தமானது. பாதங்களைத் தோளகலத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கு விலக்கி வைத்து, தொடைகள் தரைக்கு இணையாகும் அளவுக்கு இடுப்பைத் தாழ்த்தி, முதுகெலும்பை நிமிர்த்தி, மூச்சைத் திணறவிடாமல், ஓர் ஊதுவத்தி எரிந்து தீரும் அவகாசம் அசையாதிருக்கவேண்டும் என்பது பழைய விதி. முதல் நாள் தொடை நடுங்கும். பின்னர் முழங்கால் உள்நோக்கிச் சாயும். அதன்பின் மாணவன் தன்னையறியாமல் உடலை முன்னுக்குக் குனித்து பாரத்தைக் கால்விரல்களின்மேல் தள்ளிவிடுவான். ஆசிரியர் திருத்துவது பெரும்பாலும் இந்த மூன்றாவது பிழையையே. பாரம் விரல்நுனிக்கும் போகாமல், குதிகாலிலும் படிந்துவிடாமல், உள்ளங்காலின் நடுவில் தங்கும்போதுதான் எத்திசையிலும் புறப்படுவதற்கு அந்தக் கால் தயாராக இருக்கும்.

இந்த நிலைப்பயிற்சியைப் பற்றி நம்மவரும் அயலவரும் அளவுக்கு மிஞ்சிய பக்தியோடு எழுதியிருக்கிறார்கள். அசையாமல் நின்று பெறும் தசைவலிமை, எந்தக் கோணத்தில் மூட்டு மடங்கி நிற்கிறதோ அந்தக் கோணத்தை ஒட்டியே மிகுதியாக வளர்கிறது என்பது உடலியலார் பலமுறை சோதித்துக் கண்ட விஷயம். சமநிலைப் பயிற்சியும் அவ்வாறே, எதைப் பழகினோமோ அதில் தேர்ச்சி தருமேயன்றி, பழகாத மற்றொன்றுக்குத் தாராளமாகக் கடன் கொடுப்பதில்லை. ஆகவே ஊதுவத்திக் கணக்கில் நின்ற ஒருவன், நிற்பதில் வல்லவனாவான். நடப்பதில் வல்லவனாவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சீன ஆசிரியர்களுள் சிறந்தவர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். நிலையை அவர்கள் அரிச்சுவடியாகக் கொண்டார்கள். படிப்பு அதற்குப்பின் வருவது.

அப்படிப்பு எத்தகையது என்பதைத் தாய்ச்சி என்னும் சீனப் போர்க்கலை மார்க்கத்தின் ஓர் அடியை மட்டும் நிதானமாகக் கவனித்தால் தெரிந்துகொள்ளலாம். பயிலுபவர் முதலில் உடலின் பாரம் முழுவதையும் இடக்காலில் இறக்குகிறார். அது ‘நிறைந்த’ கால். மற்றது ‘வெறுமையான’ கால். வெறுமையான வலக்கால் தரையைவிட்டு மெல்ல எழுந்து, முன்னே சென்று, குதிகாலால் தரையைத் தொடுகிறது. தொட்டபோதும் அதில் பாரம் இல்லை. அந்தக் கணத்தில் யாரேனும் அவ்விடத்திலிருந்த பலகையை உருவிவிட்டாலும் அவர் காலைத் திரும்ப இழுத்துக்கொள்ள முடியவேண்டும். அதன்பின்னரே உள்ளங்கால் படிந்து, முழங்கால் மடங்கி, பாரம் சிறிது சிறிதாகப் பெயர்ந்து, வலக்கால் நிறைகிறது, இடக்கால் வெறுமையாகிறது. இரு கால்களிலும் பாரத்தைச் சரிபாதியாக வைத்துக்கொண்டு தடுமாறுவதை அக்கலையினர் பெருங்குற்றமாகக் கருதுகிறார்கள். எந்தக் காலையும் உடனே எடுக்க இயலாதவன் எதிரி தள்ளும் திசையில் போய்விழுவான் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

பாகுவா என்னும் மற்றொரு மார்க்கம் இதனினும் விசித்திரமானது. 19-ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் இதனைக் கற்பித்துப் புகழ்பெற்று, 1882-இல் மறைந்த டொங் ஹாய்சுவானிடமிருந்து பரவிய இம்மார்க்கத்தின் மூலப்பயிற்சி, ஒரு வட்டத்தின் விளிம்பில் சுற்றிச் சுற்றி நடப்பதுதான். சேற்றில் நடப்பவரைப்போலப் பாதத்தைத் தட்டையாக வழுக்கி முன்னே செலுத்துவார்கள். திசை மாறும்போது ஒருகால் விரல்களை உள்நோக்கித் திருப்பி ஊன்றி, மறுகால் விரல்களை வெளிநோக்கித் திருப்பிப் புறப்படுவார்கள். மணிக்கணக்கான இந்தச் சுற்றலில் வேறொன்றும் நிகழ்வதில்லை. ஆயினும், திரும்புகின்ற கணத்தில் உடல் எங்கே நிலைகுலைகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உபாயம் ஒன்றை எவரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவு சிரமத்துக்குக் காரணம் மனித சரீரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் மனிதனின் பாரமையம், உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே, இடுப்புக்கூட்டினுள் இருக்கிறது. அதனைத் தாங்குவதோ இரண்டு பாதங்கள் அடைக்கும் சிறிய நிலப்பரப்பு. நடை என்பது அந்த மையத்தை ஒவ்வோர் அடியிலும் தாங்குதளத்துக்கு வெளியே விழவிட்டு, விழுந்து முடியுமுன் மறுகாலைக் கொண்டுவந்து ஏந்திக்கொள்ளும் வித்தை. சாதாரண நடையில் ஐந்தில் நான்கு பங்கு நேரம் நாம் ஒற்றைக்காலில்தான் இருக்கிறோம். கண், உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு, தசையிலும் மூட்டிலும் பதிந்த உணர்வு ஆகிய மூன்றும் அனுப்பும் செய்திகளைக்கொண்டே இந்த ஏந்தல் நடைபெறுகிறது. வயோதிகத்தில் மூன்றும் ஒருங்கே மங்குவதால் விழுவது பெருகுகிறது. உலகில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுந்து மாண்டுபோகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இவ்விடத்தில், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எமரி பல்கலைக்கழகத்தார் நடத்தி 1996-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலாது. 70 வயதும் அதற்கு மேலும் ஆன 200 முதியவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தாய்ச்சியும், மற்றொரு பிரிவினருக்குக் கணினி இணைத்த மேடையில் நின்றபடி செய்யும் சமநிலைப் பயிற்சியும், மூன்றாம் பிரிவினருக்கு வெறும் போதனையும் 15 வாரங்கள் அளித்தார்கள். தாய்ச்சி பயின்றவர்கள் மீண்டும் மீண்டும் விழும் அபாயம் 47.5 சதவீதம் குறைந்தது. மேடைமேல் நின்று பழகியவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. அடுத்த ஆண்டு வெளியான தொடர்க் கட்டுரையில் கண்ட முடிவு இன்னும் வியப்பானது. மேடையில் பழகியவர்கள் முன்னைவிட ஆடாமல் நிற்கக் கற்றிருந்தார்கள். தாய்ச்சி பழகியவர்களின் உடலாட்டத்தில் அத்தகைய குறைவு ஏதும் காணப்படவில்லை, ஆயினும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் அவர்களிடம் குறைந்திருந்தது. ஆடாமல் நிற்கக் கற்றவர்களுக்கு விழும் அபாயம் குறையவில்லை. ஆட்டம் குறையாதவர்களுக்கு அது குறைந்தது. ஆட்டத்தை அடக்குவது சமநிலை என்று நாம் கொண்டிருந்த எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை. 2012-இல், பார்க்கின்சன் நோயுற்ற 195 பேரைக்கொண்டு ஆரிகன் மாநிலத்தில் செய்த பரிசோதனையும் தாய்ச்சிக்கே சாதகமாக முடிந்தது.

பாரத்தை இறக்குமுன் நிலத்தைச் சோதிக்கும் இந்த நடையைக் காணச் சீனத்துக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. தருமபுரி மாவட்டத்தில், அரூர்ச் சமவெளிக்கு அப்பால், சேர்வராயன் மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே எழுகின்ற சித்தேரி மலையில், சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் சரிவுக் காடுகளினூடே, மலையாளிப் பழங்குடி மக்கள் தலைச்சுமையோடு இறங்கி வருவதைக் கவனித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஏறுவதைவிட இறங்குவதே காலுக்குக் கடினம். உடலின் பாரத்தைத் தொடைத்தசை நீண்டுகொண்டே தாங்கவேண்டியிருப்பதும், உருளும் கற்கள் காலை வாருவதும் இறக்கத்தில்தான். அடி குறுகியிருக்கிறது. முழங்கால் ஒருபோதும் விறைப்பதில்லை. முன்வைத்த பாதம் ஒரு கல்லைத் தொட்டு, அது ஆடுகிறதா என்று பார்த்து, ஆடினால் பக்கத்துக் கல்லுக்கு மாறி, அதன்பிறகே பாரத்தை ஏற்கிறது. அதுவரை பின்கால் முழுப் பாரத்தையும் சுமந்து காத்திருக்கிறது. சரிவு மிகும் இடங்களில் உடல் பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறது. கழுத்துக்குமேல் மட்டும் ஏதும் அசைவதில்லை.

இதனைப் போர்க்கலை என்று புகழ்வது அம்மக்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. வண்டிப்பாதை எட்டாத மலைச்சிற்றூர்களிலிருந்து நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் மூங்கிலில் தூளி கட்டிச் சுமந்து இறங்கும் செய்திகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இறக்கத்தில் தூளியின் கனம் முன்னால் நடப்பவர் தோளுக்கே வழிகிறது. இருவரும் ஒரே தாளத்தில் அடிவைத்தால் மூங்கில் அதிர்ந்து தூளி துள்ளுமாதலால், அடியை மாற்றி மாற்றி வைக்கவேண்டும் என்பது பல்லக்குத் தூக்கிகள் காலத்திலிருந்தே வழங்கும் யுக்தி. இவ்வளவு நுட்பமான காலடி, சாலை போடாத குறையினால் விளைந்தது. சாலை வரட்டும், அந்த நுட்பம் போனாலும் பாதகமில்லை. நமக்கு வேண்டிய செய்தி, சரிவு நிலம் எந்த ஆசிரியரும் இல்லாமல் கற்பிப்பதைத்தான் சீன ஆசிரியர்கள் வரிசைப்படுத்திய பயிற்சிகளாகச் சமைத்தார்கள் என்பது. மரக்கம்பங்களை நட்டு அவற்றின் தலைமேல் நடக்கச் செய்யும் ‘பிளம் மலர்க் கம்பங்கள்’ என்ற பயிற்சி, தட்டையான முற்றத்துக்குள் ஒரு மலைச்சரிவைக் கொண்டுவரும் முயற்சி என்றே எனக்குப் படுகிறது.

இதைச் சொல்லும்போதே, காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர்தாம் சீனர்களுக்கு இவையனைத்தையும் கற்பித்தார் என்ற பேச்சு எழும் என்பதை அறிவேன். 2011-இல் வந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்துக்குப் பிறகு அது பேச்சு என்ற நிலையைக் கடந்து நம்பிக்கையாகிவிட்டது. போதிதருமரைக் குறிப்பிடும் ஆதிநூலாகிய, 547-ஆம் ஆண்டளவில் யாங் சுவான்ஜி எழுதிய நூல், அவரைப் பாரசீக தேசத்தவர் என்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் தாவோசுவான் எழுதிய துறவியர் வரலாறு தென்னிந்தியப் பிராமணர் என்கிறது. இரண்டிலும் முஷ்டி வித்தையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் பெயரால் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூல் 17-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. இக்கதையை ஆராய்ந்து, வரலாறன்று என்று 1930-இல் நூலெழுதி மறுத்தவர் டாங் ஹாவ் என்ற சீன அறிஞரே. மேலும், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் சோங்யூ எழுதிய நூல் காட்டுவதுபோல, ஷாவோலின் துறவிகள் அக்காலத்தில் பெயர்பெற்றிருந்தது கைச்சண்டையில் அன்று, கம்பில். சுவான்சோவ் துறைமுகத்தில் தமிழ் வணிகர் 1281-இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருப்பதால் கடல்வழித் தொடர்பு மெய்யென்பதில் ஐயமில்லை. ஆயினும் வணிகர் சென்ற வழியிலெல்லாம் வாத்தியாரும் சென்றார் என்று கொள்வது ஆராய்ச்சியாகாது. மலையாளி மக்களும் தம் மூதாதையர் காஞ்சியிலிருந்து மலையேறிய சகோதரர்கள் என்றே கதை சொல்லுகிறார்கள். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் தர்ஸ்டன் வெளியிட்ட தொகுதிகளில் அது பதிவாகியிருக்கிறது. ஒன்று வடக்கே கடல் கடந்தது, மற்றொன்று மேற்கே மலையேறியது. கீர்த்தி வாய்ந்த ஊரில் வேர் வைத்துக்கொள்ள விரும்பாத ஐதிகம் அரிது.

உரிமை கொண்டாடுவதற்குக் கதையை நாடவேண்டிய தரித்திரமும் நமக்கு இல்லை. பரதரின் நாட்டிய சாஸ்திரம் ஆடவர்க்குரிய ஆறு ஸ்தானங்களை வகுக்கிறது: வைஷ்ணவம், சமபாதம், வைசாகம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம். பாதங்களுக்கிடையே உள்ள தூரத்தை, விரித்த கட்டைவிரல் நுனிமுதல் நடுவிரல் நுனிவரை உள்ள அளவாகிய தாளத்தால் அது கணக்கிடுகிறது. சமபாதத்தில் ஒரு தாளம், மண்டலத்தில் நான்கு, ஆலீடத்தில் ஐந்து. மண்டலம் ஏறக்குறையச் சீனரின் குதிரை நிலை. ஒருகால் மடங்கி மறுகால் நீண்ட ஆலீடம், அவர்கள் வில் நிலை என்று வழங்குவதற்கு இனமானது. ஆயுதத்தை ஆலீடத்தில் தொடுத்துப் பிரத்தியாலீடத்தில் விடவேண்டும் என்று சாஸ்திரம் விதிக்கும் இடமே இவற்றுள் எனக்கு மிகவும் பிரியமானது. ஆலீடத்தை இடவலமாக மாற்றினால் பிரத்தியாலீடம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது பாரம் முழுவதும் காலுக்குக் கால் பெயர்ந்தாகவேண்டும். ஆயுதத்தின் வேகம் அந்தப் பெயர்ச்சியில் பிறக்கிறது என்பதை அவ்விதியை எழுதியவர் அறிந்திருந்தார்.

தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் வயற்காட்டிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்களிலும் இவ்வகைக் கால்களைக் காணலாம். சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆகிய பல்லவ மன்னரின் ஆட்சியாண்டுகளை வட்டெழுத்தில் தாங்கியவை அவற்றுள் உண்டு. ஆநிரை கவர்தலிலோ மீட்டலிலோ பட்ட வீரன், கையில் வாளோ வில்லோ ஏந்தி, கால்களை அகல விரித்து ஒருபுறமாக அடியெடுத்து நிற்கிறான். கற்றச்சன் செதுக்கிய கோலத்தைக்கொண்டு அவ்வீரன் உண்மையில் எப்படிப் போரிட்டான் என்று தீர்மானிப்பது துணிச்சல். எனினும், வீரத்தைக் குறிக்க அத்தச்சன் தேர்ந்தெடுத்தது விறைத்து நிற்கும் காலை அன்று, நடந்துகொண்டிருக்கும் காலை.

உயிருள்ள சான்று சிலம்பம். பழைய ஆசான்கள் சேர்ந்தவுடன் கையில் கம்பைக் கொடுத்துவிடுவதில்லை. வெறுங்கையோடு காலடி பழகவேண்டும். முன்னே, பின்னே, பக்கவாட்டில், பின்பு நான்கு திசைக்கும் திரும்பி வீடு கட்டி. குமரி மாவட்டத்து அடிமுறையில் ஒற்றைச்சுவடு முதலிய சுவடுகளும் இதே கிரமத்தில் கற்பிக்கப்படுகின்றன. இதற்கு ஓர் இயந்திர நியாயம் உண்டு. நெற்றியளவு நீளமுள்ள மூங்கிலை முழுவீச்சில் சுழற்றினால், அது சுழற்றுபவனையும் தன்னோடு இழுக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த இழுப்பை ஓர் அடியால் ஏற்றுக்கொள்ளாவிட்டால் இடுப்பு கோணும், அல்லது கம்பு தளரும். பாவலா காட்டி எதிராளியை ஏமாற்றுவதும் காலின் வேலையே; பாரம் சென்றுவிட்டதாகக் காட்டிவிட்டு அதை உண்மையில் பின்காலில் வைத்திருக்கத் தெரிந்தவனுக்கே அது பலிக்கும். தாய்ச்சியினர் நிறைவு, வெறுமை என்று தத்துவ பாஷையில் சொல்வதை நம் ஆசான்கள் தத்துவமாக்காமல் விட்டார்கள். அதனால் நமக்கு நஷ்டமும் உண்டு: எழுதிவைத்த கொள்கை இல்லாத வித்தை, சுருக்கிக் கற்பிக்க விரும்புகிறவனுக்கு எளிதில் வளைந்துகொடுக்கிறது.

அந்தச் சுருக்கம் இப்போது கண்கூடாக நடைபெறுகிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செய்முறை விளையாட்டாக இடம்பெற்றது, பள்ளிகளிலும் ஊர்களிலும் பயில்வோர் தொகை பெருகியிருக்கிறது, இவை மகிழத்தக்கவை. ஆனால் சாதனை என்ற பெயரால், நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியரை வெயிலில் வரிசையாக நிறுத்தி, மணிக்கணக்கில் நின்ற இடத்திலேயே கம்பு சுற்றவைக்கும் நிகழ்ச்சிகளைக் காணும்போது மனம் வருந்துகிறது. மணிக்கட்டு பழகுகிறது, பாதம் நட்ட நடவாக இருக்கிறது. கைதட்டல் கம்பின் வேகத்துக்குக் கிடைப்பதால், காலடிக்குச் செலவிட வேண்டிய மாதங்களை வாத்தியாரும் குறைத்துவிடுகிறார், பெற்றோரும் கேட்பதில்லை. எதிராளி எதிரே வந்து ஓர் அடி முன்வைத்தால் அக்குழந்தைகளுள் எத்தனை பேர் பின்னுக்கு ஓர் அடியைத் தடுமாறாமல் வைப்பார்கள் என்று சோதித்துப் பார்க்கலாம். காலடி கற்றவனைக் கல்லாதவனிடமிருந்து பிரித்துக் காட்டுவது பின்னடியே. கண் உதவாத திசையில் பாதம் தானாகவே நிலத்தைத் தேடிக் கண்டு, சோதித்து, ஏற்கவேண்டியிருப்பதால்.

மலைப்பள்ளிகளின் விஷயம் தனியே கருதத்தக்கது. சரிவில் ஓடியாடி வளர்ந்த பிள்ளைகள் பள்ளி மைதானத்துக்கு வந்ததும் முதலில் கற்பது, முழங்காலை விறைத்து, குதிகால்களை ஒட்டி, ‘அட்டென்ஷன்’ என்ற கட்டளைக்கு நிற்பது. தாங்குதளம் இதைவிடக் குறுகிய நிலை சாஸ்திரத்தின் ஆறு ஸ்தானங்களுள் ஒன்றுமில்லை. சித்தேரியில் சிலம்பம் கற்பிக்க ஒரு வாத்தியார் மலையேறுவாரானால், மைதானத்தைச் சமன்செய்யும்வரை அவர் காத்திருக்க வேண்டுவதில்லை. முதல் மாதப் பாடத்தைச் சரிவிலேயே வைத்துக்கொண்டு, ஏறுமுகத்தில் ஒருமுறை, இறங்குமுகத்தில் ஒருமுறை, பக்கவாட்டில் இருமுறை என்று காலடியைப் போடச் சொல்லிவிட்டு, தாம் முதலில் வைத்துக் காட்டும் அடியை அப்பிள்ளைகள் எப்படித் திருத்துகிறார்கள் என்று அவர் கவனிக்கலாம்.